ரொட்டிக் குதி

கிள்ளானிலிருந்து கிளம்பிய கொமுட்டர் ரயிலில் உட்கார இடம் தாராளமாக இருந்தும் அஃப்ரின் உட்காரவில்லை. ஷா ஆலம் வரைக்கும் கதவோரம் நின்றாள். பிறகு பெட்டியின் அந்தக் கோடிவரை நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடி நடந்தாள். பார்த்துக்கொண்டிருந்த ஒரு மலாய்க்கார அம்மா, பாவம் அவசரம் போலிருக்கிறது என்று நினைத்து, அடுத்த ஸ்டேஷனில் கழிவறை இருப்பதாகக் கைகாட்டினார். அந்த அம்மாவிடமே விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்றுகூட அவளுக்கு இருந்தது. எங்கள் வாப்பா எதனால் இறந்தார் என்று இன்றைக்கு மத்தியானம் எனக்குத் தெரிந்துவிட்டது, ஆன்டி.

கிள்ளானில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. மத்தியானம் பூச்சோங்கிலிருந்து ஸ்டானிஸ்லாஸ் என்று ஒரு லோரி டிரைவர் ரிசல்ட் வாங்க வந்திருந்தார். முருங்கைக்காய் மாதிரி ஒல்லி. கெட்ட கொலஸ்ட்ரால் மூன்றைத் தாண்டினாலே டாக்டர் ஷார்மைன் புருவத்தைத் தூக்குவார். இவருக்கு ஏழரை. டாக்டர் அவரைச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். குதிகாலுக்குப் பின்னால், கெண்டைக்கால் வரை ஏறும் தசைநாரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். அவரிடம் கேட்டுக்கொண்டு அஃப்ரினையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். கயிறு போல இருக்க வேண்டியது அங்கே கட்டையாக, முடிச்சு முடிச்சாக இருந்தது.

இது சாப்பாட்டால் மட்டும் வருவதில்லை, அப்பா அம்மா வழியாகப் பிறவியிலேயே வருவது என்று டாக்டர் விளக்கினார். ரத்தத்தில் வருஷக்கணக்காக அளவுக்கு மீறி ஓடும் கொழுப்பு இந்தத் தசைநாரிலும் போய்ப் படிகிறது. குதியில் படிவது ஆளைக் கொல்லாது. அதே கொழுப்பு இதயத்துக்குப் போகும் குழாயிலும் படிந்துகொண்டிருக்கும். அதுதான் கொல்லும்.

அஃப்ரின் அந்தக் காலை விடவே இல்லை. ஸ்டானிஸ்லாஸ் அங்கிளுக்கே கூச்சமாகி, போதும்மா என்று காலை இழுத்துக்கொண்டார்.

ஏனென்றால் அந்தக் குதியை அவளுக்குத் தெரியும். வாப்பா கௌஸ் மவுத்தானபோது அவளுக்கு ஐந்து வயது. வாப்பாவின் முகம் அவளுக்குப் போட்டோவில் பார்த்த முகம்தான். குதிகால் மட்டும் சொந்த ஞாபகம். வீட்டில் சேர்ந்து தொழும்போது ஆண்கள் முன்வரிசையில் குதிகால்களை ஒரே கோட்டில் வைத்து நிற்பார்கள். பின்வரிசையில் உம்மாவின் பக்கத்தில் நின்ற சின்னப் பிள்ளைக்குக் கண்ணெதிரே இருந்ததெல்லாம் வாப்பாவின் தடித்த குதிதான்.

அதற்குக் குடும்பத்தில் பெயரே உண்டு, ரொட்டிக் குதி. பிரிக்ஃபீல்ட்ஸில் அவர்களுடைய கடையில், நாளெல்லாம் அடுப்புக் கல்லுக்கு முன்னால் நின்று பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் வீசுகிறவனுக்கு அல்லாஹ் கொடுக்கும் கால் என்று நம்பினார்கள். பையன் வளர்ந்ததும் குதியை அமுக்கிப் பார்ப்பார்கள். தடித்திருந்தால் கல்லு அவனுக்கு. அவளுடைய மூத்த அண்ணன் ஹைதருக்கு அப்படித்தான் கிடைத்தது. இளையவன் ஷபீருக்குக் குதி வழவழவென்று இருந்ததால் கல்லாப் பெட்டியில் உட்கார வைத்துவிட்டார்கள். பெண் பிள்ளையின் காலை யாரும் அமுக்கிப் பார்த்ததில்லை.

வாப்பா நாற்பத்திரண்டு வயதில் கல்லுக்கு முன்னாலேயே சரிந்தார். அவருடைய அண்ணனும் அப்படித்தான், அதே வயசுப் பக்கம். அடுப்பு அனல் நெஞ்சைச் சுட்டுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அதனால் கல்லின் இரண்டு பக்கமும் பெரிய காற்றாடி மாட்டினார்கள். அந்தக் காற்றுக்கு நடுவேதான் ஹைதர் இன்றைக்கும் நிற்கிறான். அவனுக்கு முப்பத்தொன்பது ஆகிறது. அஃப்ரின் ரயிலில் உட்காராததற்கு அந்தக் கணக்குதான் காரணம்.

கடைக்குள் நுழைந்த வேகத்தில் அவள் சொன்னது யாருக்கும் புரியவில்லை. ரெண்டாவது தடவை சொன்னபோது புரிந்தது. ஹைதர் மாவை வீசிக்கொண்டே சிரித்தான்.

"நான் என்ன குண்டாவா இருக்கேன்? எண்ணெ வாசனையிலயே எனக்கு வயிறு ரொம்பிரும். வீட்டுல கஞ்சிதான் குடிக்கிறேன், ஒன் மச்சியக் கேளு."

ஹைதரின் மனைவி, ரம்லத் மச்சி, தே தாரிக் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று தலையாட்டினாள், ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லாப் பெட்டியிலிருந்து ஷபீர் எழுந்தே விட்டான்.

"அப்ப இத்தன வருஷமா என்னைய இங்க உக்கார வச்சது, நோயில்லாத குத்தத்துக்கா லா?"

ரம்லத்துக்குக்கூடச் சிரிப்பு முட்டியது. ஹைதரின் முகம் மட்டும் இறுகியது. வாப்பா தனக்கென்று விட்டுப் போனது இந்தக் கால் ஒன்றுதான், அதைப் போய் வியாதி என்கிறாயே என்று அவன் மெதுவாகத்தான் கேட்டான். அஃப்ரினுக்கு அது சுருக்கென்று தைத்தது. டாக்டர் சொன்ன வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்தாள். அவன் அடுத்த உருண்டையை எடுத்துவிட்டான். என்ன செய்வதென்று தெரியாமல் கடையைச் சுற்றிப் பார்த்தாள். அப்போதுதான் மேசைகள் கண்ணில் பட்டன.

"நானா," என்று அண்ணனைக் கூப்பிட்டாள், "அங்க பாரு. இன்னிக்குக் கூட்டமே இல்ல. ஆனா பிளேட்டு ஏன் குமிஞ்சு கெடக்கு?"

"எடுக்குற ரெண்டு பேருல ஒருத்தன் லீவு."

"அதேதான் லா. ஒன் லிவர்ல கொழுப்ப எடுக்குற ஆளு பொறக்கும்போதே பாதிதான் வந்திருக்கான். நீ பிரியாணி சாப்பிட்டாத்தான் குமியும்னு இல்ல. கொழுப்ப லிவரே தானா செய்யுது. நீ கஞ்சி குடிச்சாலும் குமியும். நாளு பூரா, தூங்குறப்பவும்."

ஹைதர் மேசைகளைப் பார்த்தான். கல்லுக்கு வருவதற்கு முன் மூன்று வருஷம் அதே மேசைகளில் பிளேட்டு எடுத்தவன் அவன். ஒரு ஆள் வராவிட்டால் எத்தனை சீக்கிரம் மலையாகும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கையிலிருந்த மாவை வீசினான். நடுவில் கிழிந்துவிட்டது. அவன் கையில் மாவு கிழிந்து அஃப்ரின் பார்த்ததே இல்லை.

"எல்லார் ரத்தத்தையும் எடுக்குறியே," என்றான், "ஒன்னோடதப் பாத்தியா?"

அந்த எண்ணமே அவளுக்கு வரவில்லை. வீட்டில் யாரும் அமுக்கிப் பார்க்காத காலை அவளும் பார்க்கவில்லை.

"நாளைக்குக் காலைல கல்ல அணைச்சுட்டு வர்றேன். ஒனக்கும் எடுக்கணும். இல்லாட்டி நான் வர மாட்டேன்."

மறுநாள் அண்ணன் தம்பி இருவரும் வெறும் வயிற்றோடு கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார்கள். ஊசியைப் பார்த்ததும் ஷபீர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஹைதர் தங்கையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் அவளே எடுத்தாள். அவள் உட்காராமல் நிற்க, இன்னொரு நர்ஸ் அவளுக்கு எடுத்தாள்.

சாயங்காலம் ரிசல்ட் வந்தது. ஹைதருக்கு எட்டு புள்ளி ஒன்று. நான் சொன்னேன்ல என்று அஃப்ரின் இரண்டு கையையும் தூக்கிக் கத்தியதில், வெளியே காத்திருந்தவர்கள் லாட்டரி அடித்துவிட்டதென்று எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் முறைத்தார். ஷபீருக்கு இரண்டரை. அதற்குக் கீழே அவளுடைய பெயர். ஆறு புள்ளி ஏழு.

நேற்று மத்தியானத்திலிருந்து முதல் தடவையாக அஃப்ரின் உட்கார்ந்தாள்.

டாக்டர் ஷார்மைன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உன் வயதில் தெரிந்துகொண்டவர்கள் ரொம்பக் குறைவு, தெரியுமா என்று கேட்டார். மாத்திரையை விடாமல் போட்டால், வாப்பாவுக்கு நடந்தது உனக்கு நடக்க வேண்டியதில்லை என்றார். அவள், அண்ணன் மகள் தமன்னாவுக்கு எப்போது எடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டாள்.

ஹைதரை இதய டாக்டர் பார்த்தார். ஒரு குழாய் சுருங்கத் தொடங்கியிருந்தது, இன்னும் அடைக்கவில்லை. இரண்டு விதமான மாத்திரை கொடுத்தார், கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார். அந்த நாட்களில் கல்லு ஷபீர் கைக்கு வந்தது. அவன் போட்ட ரொட்டிகள் நடுவில் கடல் பிரிக்கும் மலேசியா மேப் மாதிரி இரண்டு துண்டாக வந்தன. வழக்கமாக வருகிற வாடிக்கையாளர் ஒருவர் கூட வந்தவரைக் காட்டி, பாஸ், சபாவும் சரவாக்கும் எனக்கு, மீதி இவருக்கு என்று ஆர்டர் கொடுத்தார். ஷபீர் அதற்கெல்லாம் அசரவில்லை. காலமெல்லாம் உட்கார்ந்திருந்தவன் இப்போது உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹைதர் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் இருந்தான். அஃப்ரின் வந்ததும் காலைக் காட்டச் சொன்னான். குனிந்து, வாப்பா தனக்குச் செய்த மாதிரியே இரண்டு விரலால் அமுக்கினான்.

"இன்னும் தடிக்கல."

"தடிக்காது, நானா. தடிக்க விட மாட்டேன்."

அவன் ஷபீரை நகரச் சொன்னான். எண்ணெயில் ஊறிய ஓர் உருண்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"ரொட்டிக் குதி இல்லாமலே வீசு, பாப்போம்."

அஃப்ரின் தட்டினாள், இழுத்தாள், வேண்டிய வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வீசினாள். மாவு கல்லின் பக்கமே போகவில்லை. வாப்பாவுக்குப் பிறகு மாட்டிய காற்றாடி ஒன்றில் போய்ச் சுற்றிக்கொண்டது. காற்றாடி திணறி நின்றது. ரம்லத் சிரித்துச் சிரித்துத் தேத் தண்ணியைக் கொட்டினாள். ஹைதர் ஸ்டூலில் ஏறி, கம்பிகளுக்கு நடுவிலிருந்து மாவைப் பிய்த்தெடுத்தான். அதற்குள் அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னொண்ணு குடு."