துருப்பிடிக்காத வருஷம்

மகளின் பிரசவத்துக்கென்று பெங்களூர் கிளம்பியபோது, மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்றுதான் ஹேமலதா சொன்னாள். அது 2003. மகள் கீதாவுக்குப் பெரிய கம்பெனியில் வேலை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும். மூன்று மாதம் ஒரு வருஷமாயிற்று, பிறகு இரண்டாவது குழந்தையும் பிறந்தது. இதில் யாரைக் குற்றம் சொல்வது? அவள் கணவர் தனசேகரன் யாரையும் சொல்லவில்லை. தீபாவளிக்கு வந்து வீட்டைக் கழுவி, ஊறுகாய் போட்டு வைத்துவிட்டு மனைவி பஸ் ஏறும்போது, பையைத் தூக்கிக்கொண்டு போய் சீட்டில் வைத்துவிட்டு வருவார்.

அவருக்கு ஆரணி சேவூர் ரோட்டில் ஸ்பிரிங் பட்டறை. டிராக்டர் டிரெய்லர், அரிசி மில் லாரி, லோடு ஆட்டோ என்று எது வந்தாலும், பளு தாங்கித் தாங்கி வளைவு இறங்கிப்போன ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி, உலையில் காய்ச்சி, அடித்து வளைத்து மறுபடி கட்டித் தருவார். சம்மட்டி அடிக்க சம்பந்தம் என்று ஒருவர் இருந்தார். அந்தச் சத்தமே அவருடைய காதைத் தின்றுவிட்டிருந்தது. விரலால் காட்டினால் புரிந்துகொள்வார். ஒரு வார்த்தை பேசாமல் நாள் முழுக்க வேலை நடக்கும். வீடு இருந்தது நெசவாளர் தெருவில். பக்கத்து வீடுகளில் தறி ஓடுகிற வரைக்கும் தன் வீட்டுக்குள்ளும் யாரோ இருப்பது போலத் தோன்றும். தறி நின்றதும் டிவியைப் போடுவார். எந்தச் சேனல் ஓடுகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சுனாமிக்கு அப்புறம், மரக்காணத்துக்கு வடக்கே ஒரு குப்பத்துக்கு யாரோ தருமவான்கள் பைபர் போட்டுகளும், அவற்றைக் கரைக்கும் கழிமுகத்துக்கும் இழுத்துப் போக ஒரு டிரெய்லரும் கொடுத்தார்கள். டிரெய்லர் ஆரணியில் செய்தது. அதற்கு ஸ்பிரிங் போட்டது தனசேகரன். வண்டி எங்கே போகிறது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் குப்பத்து வீரபாகு வந்து நின்றபோதுதான் அது தெரிந்தது. 2006 சித்திரை வெயிலில், கறுத்து ஒடுங்கிய ஒரு மனிதர் இரண்டு கோணிகளைப் பட்டறை வாசலில் தொப்பென்று போட்டார்.

"ஆரணி ஸ்பிரிங்காரரு நீங்க தானாணா? திண்டிவனத்துல ஒரு கண்டக்டரு, வந்தவாசில ஒரு கண்டக்டரு, ரெண்டு பேருமே என்ன ஏத்த மாட்டேன்னு ஒரே பேஜாரு. பஸ்ஸெல்லாம் துரு கொட்டுதாம். இரும்ப தூக்கிகினு வந்தா துரு கொட்டாம மல்லிப்பூவா கொட்டும்?"

கோணியை அவிழ்த்ததும் தனசேகரனுக்கு அடையாளம் தெரிந்தது. அவர் கையால் கட்டிய பட்டைகள். வண்டி ஓட ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நகத்தால் சுரண்டினாலே துரு ஏடு ஏடாக உரிந்து வந்தது. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"தண்ணிக்குள்ள எறக்குவீங்களா வண்டிய?"

"எறக்காம? சக்கரம் முழுவுற வரைக்கும் எறக்குனா தான் போட்டு தானா மெதக்கும்."

பட்டைகளைப் பிரித்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இளைத்துப்போனதை மாற்றி, உலையில் வைத்து எடுக்க இரண்டு நாள் பிடிக்கும். வீரபாகுவுக்குத் தங்க இடமில்லை. "நம்ம ஊட்லயே தங்கிக்கோ" என்று தனசேகரன் சொன்னது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

வீரபாகு வாய் ஓயாத ஆள். மார்க்கெட்டுக்குப் போய் ஏரி மீன் வாங்கி வந்து, அதை மீன் என்று சொல்பவர்களைத் திட்டிக்கொண்டே குழம்பு வைத்தார். குப்பத்தில் யார் யாரோடு சண்டை, எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும், தன் மனைவி கெங்கம்மாள் மீன் கூடையோடு பஸ் ஏறி டிரைவரிடம் வாய்ச்சண்டை போட்டது என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. தனசேகரன் "உம்" கொட்டினார். பிறகு கேள்வி கேட்டார். ஒரு கட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று டிவி போடவில்லை.

கிளம்பும்போது வீரபாகு கேட்டார்: "எத்தினி நாளு தாங்கும்ணா?"

சொல்ல வேண்டியது தனசேகரனின் நாக்கு நுனியில் இருந்தது. கடல் தண்ணீரிலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். காய்ந்ததும் பட்டை இடுக்கில் பழைய ஆயில் தடவ வேண்டும். இதைச் செய்தால் வருஷக்கணக்கில் தாங்கும். ஆனால் வாயில் வந்தது வேறு.

"பாத்து வெச்சிக்கோ. அடுத்த வருஷம் எடுத்துகினு வா."

பஸ் போன பிறகு, மறந்துவிட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்த சித்திரைக்கு முன்பே ஒரு புதுப்பாயும் தலையணையும் வாங்கி வைத்திருந்தார். வீரபாகு வந்தார், கோணியும் துருவுமாக. மறுபடி இரண்டு நாள் பேச்சு, குழம்பு, சிரிப்பு.

"எங்கூரு ஆளுங்க இன்னா சொல்றானுங்க தெரியுமாணா? ஆரணி இரும்பு மட்டமாம். நா உடல. அந்த மனுசன் கை பட்ட இரும்ப கொற சொன்னா பல்ல ஒடைப்பேன்னு சொல்லிட்டேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த தனசேகரன் சோற்றை ஒதுக்கிவிட்டு எழுந்து கை கழுவினார். அப்போதும் சொல்லவில்லை. இந்தத் தடவை மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை.

மூன்றாவது வருஷம் வீரபாகு சித்திரைக்குக் காத்திருக்கவில்லை. மாசியிலேயே வந்துவிட்டார். கோணியைத் தூக்கி வந்தது பஸ் ஸ்டாண்டில் பிடித்த ஒரு கூலியாள். வீரபாகு பின்னால் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார்.

"கால்ல இன்னா?"

"அத ஏன் கேக்குற. போட்ட மேல இழுத்துகினு இருந்தோம். மெயின் பட்டை பட்டுனு ஒடஞ்சிச்சி. வண்டி ஒரு பக்கமா சாஞ்சி, போட்டு வந்து முழங்கால்ல ஒரு தட்டு. கொஞ்சம் தள்ளி நின்னிருந்தா இடுப்பு போயிருக்கும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "ஊட்டுக்காரி நீ போவாத, வேற யாரனா அனுப்புன்னா. நா தான் வந்தேன். இங்க வந்தா நல்லா கீது, அதான்."

தனசேகரன் உடைந்த பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். முறிந்த இடத்தில் பாதிக்கு மேல் துரு. மீதிதான் புதிதாகப் பளபளத்தது. அந்த மீதியில்தான் ஒரு போட்டு இத்தனை நாள் நின்றிருந்தது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சம்பந்தம் கையால் கேட்டார். தனசேகரன் அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, வீரபாகுவை ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"இதப் பாரு வீரபாகு. உப்புத் தண்ணி இந்த இடுக்குல பூந்துக்குது. வெளிய காஞ்சாலும் உள்ள காயாது, உக்காந்து அரிச்சிகினே இருக்கும். கரை ஏறினதும் நல்ல தண்ணிய இங்க ஊத்தணும், இடுக்குல போற மாதிரி. காஞ்ச பெறகு பழைய ஆயில பிரஷ்ல தொட்டு அடி. துரு புடிக்காம ரெட் ஆக்சைடு பெயின்ட் நா அடிச்சி தரேன். இன்னொண்ணு, சக்கரம் முழுவ எறக்காத. கயிறு நீளமா கட்டி வண்டிய கரை ஓரத்துலயே நிறுத்து. கட்டைய அடில வெச்சி போட்ட உருட்டி எறக்கு."

"இவ்ளோ தானா?"

"இவ்ளோ தான்."

வீரபாகு உடைந்த பட்டையைப் பார்த்தார், பிறகு தனசேகரனைப் பார்த்தார்.

"இத முன்னாடி சொல்லலியே நீ."

"சொல்லல."

ஏன் என்று கேட்பார் என்று தனசேகரன் காத்திருந்தார். வீரபாகு கேட்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பேசாமல் இருந்து தனசேகரன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நல்ல தண்ணின்னு ஈசியா சொல்லிட்டணா. எங்கூர்ல கை பம்புல அடிச்சாலும் உப்பு தான். குடிக்கிற தண்ணிக்கே பொம்பளைங்க சவுக்கத்தோப்பு தாண்டி நடக்குறாளுங்க."

இது தனசேகரனுக்குத் தோன்றியதே இல்லை. தன் ஊரில் குழாயைத் திறந்தால் வருவதைத்தான் அவர் நல்ல தண்ணீர் என்று சொல்லியிருந்தார்.

"ரெண்டு கொடம் இருந்தா போதும்" என்றார் மெல்ல.

"பாக்கலாம்" என்றார் வீரபாகு.

அந்த முறை பட்டைகளைத் தனசேகரன் தன் கையாலேயே தேய்த்தார். ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனியாகப் பெயின்ட் அடித்து, காயவைத்து, கிரீஸ் பூசிக் கட்டினார். வீட்டில் வீரபாகு குழம்பு வைத்தார், பேசினார், ஆனால் பழைய வேகம் இல்லை. கால் வலி என்றார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி தனசேகரனின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று தனசேகரன் பல நாள் யோசித்தார்.

2009 சித்திரையில் யாரும் வரவில்லை. வைகாசியும் போயிற்று. பட்டறை வாசலில் கோணி விழுகிற மாதிரி ஏதாவது சத்தம் கேட்டால் தலை தானாகத் திரும்பும். ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது, அதனால் வரவில்லை என்று ஒரு நாள் நினைப்பார். கோபித்துக்கொண்டார், அதனால் வரவில்லை என்று மறுநாள் நினைப்பார். இரண்டில் எது உண்மையானாலும் வீடு ஒரே மாதிரிதான் இருந்தது.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பட்டைகளைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளை இறுக்கிப் பார்க்க வேண்டும் என்று தனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, ஒரு ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். வந்தவாசி, திண்டிவனம், மரக்காணம் என்று மாறி மாறிக் குப்பத்துக்குப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. மணலில் நடந்து பழக்கமில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வீரபாகுவின் வீட்டைக் காட்டினார்கள். வெளியே வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்தாள்.

"வீரபாகு இல்லீங்களா? நா ஆரணிலேர்ந்து வரேன்."

"ஐயோ, ஸ்பிரிங்கு அண்ணனா! வாங்க, வாங்க." கெங்கம்மாள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "அவரு கேரளாவுக்கு போட்டு வேலைக்கு பூட்டாரே. தையிலயே பூட்டாரு. இந்த காலு வெச்சிகினு வலை இழுக்க முடில. அங்க இன்ஜினு பாத்துக்குற வேலையாம், உக்காந்து செய்யலாம்னு கூப்ட்டாங்க."

தனசேகரன் தலையை ஆட்டினார். கையிலிருந்த செருப்பை மணலில் வைத்தார்.

"டிரெய்லரு எங்க கீது? போல்ட்டு பாத்துட்டு போலாம்னு வந்தேன்."

சவுக்குக் கம்பும் கீற்றும் போட்ட கொட்டகையில் வண்டி நின்றது. தனசேகரன் குனிந்து பட்டைகளைத் தொட்டுப் பார்த்தார். இடுக்கில் விரலை விட்டார். எண்ணெய்ப் பசை ஒட்டியது, துரு இல்லை. ஸ்பேனரைப் போட்டு எல்லா போல்ட்டையும் இறுக்கிப் பார்த்தார். ஒன்றும் தளரவில்லை. செய்வதற்கு ஒரு வேலையும் மிச்சமில்லை.

"யாரு கழுவறது?"

"வேற யாரு, நா தான். போவும்போது சொல்லிட்டு போனாரு, இத மட்டும் உடாத, ஆரணி அண்ணன் சொல்லி கீதுன்னு. குடிக்கிற தண்ணிய இரும்புக்கு ஊத்துறான்னு ஊரே என்ன பாத்து சிரிக்குது. சிரிச்சிட்டு போட்டும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "நெசமாவே தண்ணி தான் காப்பாத்துதா, இல்ல உங்க பெயின்ட்டாங்க?"

"தண்ணி தான்மா."

"அப்ப சரி. வீணா செமக்கல."

தலைச்சுமையாக அவள் எத்தனை தடவை நடந்திருப்பாள் என்று அவர் நினைத்துப் பார்த்தார். மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அந்த ஆள் கேரளாவில் இருந்தார்.

கெங்கம்மாள் சோறு போட்டாள். நெத்திலி வறுவல். அவள் எதிரே உட்கார்ந்து பேசவில்லை. வலையைப் பிரித்துக்கொண்டு தள்ளியே இருந்தாள். சாப்பிட்டு முடித்ததும், "உங்கள பத்தி நெறைய சொல்லுவாரு" என்றாள். "வூட்ல நீங்க எல்லாரும் போதும் நிறுத்துன்றீங்க, ஆரணில ஒருத்தரு மட்டும் அப்பறம்னு கேப்பாருன்னு."

தனசேகரன் கை கழுவப் போனார். குடத்தில் இருந்த தண்ணீரைக் கொஞ்சமாகவே மொண்டுகொண்டார்.

"அவரு நம்பரு தரட்டுங்களா? ராத்திரில தான் எடுப்பாரு."

வாங்கிக்கொண்டார். சாயங்கால பஸ்ஸுக்கு நேரமிருந்தது. கரையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். போட்டுகள் வரிசையாகக் கிடந்தன. காற்று சட்டையை உப்பவைத்தது, உதட்டில் உப்புக் கரித்தது.

திண்டிவனத்தில் அடுத்த பஸ்ஸுக்காக நிற்கும்போது போனை எடுத்து அந்த நம்பரைப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன பேசியிருப்போம் என்று அவருக்குத் தெரியவில்லை. வந்தவாசி பஸ் வந்தது. இரண்டு பேர் சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்தார். பக்கத்தில் யாராவது வந்து உட்காருவார்கள் என்று கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார். பஸ்ஸில் கூட்டமில்லை.