நொண்டினது யார்?

"நொண்டினது குதிரை இல்ல அண்ணி, உங்க தம்பி!"

"நான் பார்த்தது குதிரையோட கால—"

"இவருக்குப் புது ஷூ கடிச்சிருக்கு. தாங்கித் தாங்கி ஓடினாரு, கயிறு இழுத்துச்சு, அது தலைய ஆட்டிருச்சு!"

"—தம்பி கால் எனக்கெதுக்கு?"

நெடுந்தூரக் குதிரைப் பந்தயத்தில் கடைசிச் சுற்றுக்கு முன் நடக்கும் பரிசோதனை அது. இன்னும் ஒரு சுற்றுதான் பாக்கி. குதிரையின் நாடித்துடிப்பு இறங்கிவிட்டது, தண்ணீரும் குடித்துவிட்டது. ஆனால் கெட்டித் தரையில் ஓட்டிக் காட்டும்போது காலைத் தாங்கித் தலையை ஆட்டினால், அங்கேயே நிறுத்திவிடுவார்கள். குதிரையில் ஏறி வந்தவள் அவள்; கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடியவர் அவள் கணவர். நொண்டுகிறது என்று சொன்ன குதிரை டாக்டர் அவருடைய அக்கா, அவளுக்கு நாத்தனார். போன இரண்டு பந்தயங்களிலும் பாதியில் திரும்பியவளுக்கு இதை முடித்தால்தான் பெரிய பந்தயத்தில் இடம்.

"ஷூவக் கழட்டுடா."

கணவர் பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்தார். டாக்டர் பழக்கதோஷத்தில் அவர் காலைத் தூக்கித் தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார்.

"அக்கா, நான் குதிரை இல்ல."

"தெரியுது. குதிரைன்னா ஆடாம நிக்கும்."

குதிகாலில் கோலிக்குண்டு மாதிரி கொப்புளம்.

"பார்த்தீங்கள்ல? நான் பொய்யா சொல்றேன்?"

"கொப்புளம் நிஜந்தான். இப்ப நீயே ஓட்டிக் காட்டு."

அவள் குதிரையின் தாடைக்குக் கீழேயே கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். குதிரையின் தலை அசையவில்லை. அசைய இடமில்லை.

"கயித்த விட்டுப் பிடி."

"விட்டா பிச்சுக்கிட்டு ஓடிரும் அண்ணி!"

"ஓடட்டும். ஓடினா பாஸ்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் ஒரு முழம் தளர்த்தினாள். இடது முன்னங்கால் தரையைத் தொடும்போதெல்லாம் குதிரையின் தலை மேலே போனது. வலது கால் ஊன்றியதும் இறங்கியது. அவள் பாதி வழியில் நின்றாள். குதிரை அவளுக்கு முன்பே நின்றிருந்தது.

"இடது முன்னங்கால். இன்னிக்கு இதோட சரி."

"கல்லு ஏதாவது குத்தியிருக்கும்..."

"இருந்தா எடுத்திரலாம். ஓட்டம் கிடையாது."

"வேற யாராவதா இருந்தா விட்டிருப்பீங்க."

"வேற யாராவதா இருந்தா இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு நின்னிருக்க மாட்டேன்," என்ற டாக்டர் அடுத்த குதிரையைக் கூப்பிட்டார்.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "கல்லு மாதிரி நிக்கறீங்களே, வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வந்து நின்னப்போ நல்லாத்தானே இருந்துச்சு?"

அவர் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் ஒன்றும் இல்லாமல் குதிரையின் இடது முன்னங்காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நான் பக்கெட்டும் கையுமா இங்கயேதான் இருந்தேன். அத்தன தூரம் அது மேல உக்காந்து வந்தது நீ. உனக்குத் தெரியலையா?"