சொட்டச் சொட்ட வந்த பாறை

டமார்!

ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. மேசை விளிம்பில் இருந்த டீ கிளாஸ் தரையில் விழுந்து சுக்குநூறானது. ஆழ்துளை போடுகிறவர் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு ரெண்டடி பின்னால் போனார்.

"தாயே! மெஷின் வெடிச்சிருச்சா?"

"மெஷினுக்கு ஒண்ணும் ஆகலைண்ணே. உள்ள இருக்கிற கல்தூள்தான் நகர்ந்துச்சு."

சொன்னவளுக்கு ஆய்வகத்தில் 'கறார்' என்று பெயர். எடையில் அரை கிராம் பிசகினாலும் தூளைத் திருப்பிக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். இப்போது அவள் திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக இழுத்துக் கட்டிய நூல் மாதிரி வந்த உராய்வுக் கோடு, இன்று ரம்பப் பல்லாக நின்றது.

ஊருக்குப் பக்கத்துக் குன்றின் அடியில் பாறைப் பிளவு ஒன்று ஓடுகிறது. அதன் இரண்டு பக்கமும் உரசி அரைத்த தூளை இரும்புக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, நகம் வளரும் வேகத்தில் பக்கவாட்டில் தள்ளிப் பார்ப்பதுதான் அவள் வேலை. சத்தமில்லாமல் வழுக்கினால் பிளவும் அப்படியே வாரக்கணக்கில் நழுவும், யாருக்கும் தெரியாது. இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிறகு பிடி விட்டால் அதற்குப் பெயர் நிலநடுக்கம். குன்றின் மேலுள்ள கருவிகளும் இரண்டு முறை அந்த மெதுவான நழுவலைக் காட்டியிருந்தன. சமர்த்துப் பிளவு என்று நம்பி, அதன் பக்கத்தில் ஆறு மாடி ஆஸ்பத்திரிக்குச் சாதாரண அஸ்திவாரம் போட முடிவாகிவிட்டது. நாளைக் காலை கான்கிரீட்.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தது ஆழ்துளைக்காரர் காலையில் கொண்டுவந்த பார்சல். பிளாஸ்டிக் தாளுக்குள், பிளவைத் துளைத்து எடுத்த பாறைத் துண்டு தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏண்ணே இதைக் கழுவிக் கொண்டாந்தீங்க?"

"நான் எங்கம்மா கழுவினேன்? கீழ எப்பவும் இப்படித்தான் ஊறிக் கிடக்குது."

எடை சரியாக வர வேண்டுமென்று, ஒவ்வொரு தடவையும் தூளை அடுப்பில் மொறுமொறுவென்று காயவைத்தது அவள்தான். யாரும் சொல்லவில்லை, அவளாகப் பிடித்துக்கொண்ட சுத்தம். காய்ந்த தூள் வழுக்கியது. இன்று முதல் தடவையாக அந்தத் துண்டை ஈரத்தோடேயே அரைத்து மெஷினில் வைத்தாள். ஈரத் தூளோ சும்மா கிடக்கக் கிடக்கப் பிடியை இறுக்கியது. அரை மணி நேரம் நிறுத்திவைத்துத் தள்ளியதற்குத்தான் இந்த வெடி.

ஆய்வக இயக்குநர் மூச்சிரைக்க வந்தார். கையில், பிளவால் ஆபத்தில்லை என்ற அறிக்கை.

"சத்தம் மாடி வரைக்கும் கேட்டுச்சு. சரி சரி, கையெழுத்தைப் போடும்மா. நாலு மணிக்குள்ள போகணும்."

"போட மாட்டேன் சார். ஈரத்துல வெடிக்குது."

"குன்று மெதுவாத்தானே நழுவுது? கண்ணால பார்த்தோமே!"

"பிளவுல ஒரு இடம் நழுவுதுன்னா, பிடிச்சுக்கிட்டு நிக்கிற இடத்து மேல பாரம் ஏறுதுன்னு அர்த்தம். உக்காருங்க, அரை மணி பொறுங்க. இன்னொரு தடவை காட்டறேன்."

"வேணாம்!" சட்டென்று வந்தது பதில். பிறகு குரலை இறக்கினார். "தூளைக் காயவச்சது நீ. வெளிய தெரிஞ்சா உன் வேலைதான் போகும்."

"போகட்டும் சார். அங்க படுத்திருக்கப் போறவங்க எந்திரிச்சு ஓடக்கூட முடியாதவங்க."

"பாவம், அந்தப் பொண்ணை ஏன் சார் மிரட்டறீங்க?" என்றார் ஆழ்துளைக்காரர்.

"நீங்க சும்மா இருங்க!"

"நான் சும்மாத்தான் இருந்தேன், கிளாஸ்தான் உடைஞ்சுது."

அவள் கணினி பக்கம் திரும்பினாள். ரம்பக் கோட்டையும் தன் தவறையும் முழுப்பெயரோடு எழுதி, ஆஸ்பத்திரிப் பொறியாளருக்கு அனுப்பினாள். இயக்குநரின் கை நீண்டது, பாதியில் நின்றது. இரண்டே நிமிடத்தில் போன் அடித்தது.

"ஆமா சார், கான்கிரீட்டை நிறுத்துங்க. ஆமா, தப்பு என்னோடதுதான். யார் கேட்டாலும் இதையே சொல்வேன்."

போனை வைத்துவிட்டு, வருவது வரட்டும் என்று நிமிர்ந்தாள். இயக்குநர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொப்பென்று உட்கார்ந்தார்.

"போன வருஷம் ஒரு லீவு நாள்ல நானே ஈரத்தூள் போட்டு இந்தச் சத்தத்தைக் கேட்டேன்மா... கதவைச் சாத்திட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."