பழசு தீரட்டும்

அந்த வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் காய்கறிக்கு முன்னால் தேதிகள்தான் கண்ணில் படும். ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் வெள்ளை டேப் ஒட்டி, கறுப்பு மார்க்கரில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். கேரட், எட்டாம் தேதி. பட்டாணி, ஒன்பது. கீரைக்கட்டின் கழுத்தில்கூட ஒரு சீட்டு தொங்கும்.

எழுதுகிறவர் பூட்டு. பெற்றோர் வைத்த பெயர் வேறு. பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்தபோது ஒட்டிக்கொண்ட பெயர் இது. சீட்டு இல்லாமல் முதலாளியே ஜன்னலில் வந்து நின்றாலும் ஒரு திருகாணி கொடுக்கமாட்டார் என்பதால் தொழிலாளிகள் வைத்தது. தொழிற்சாலையை மூடி எட்டு மாதம் ஆகிறது. பெயர் மட்டும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. மனைவி நல்ல மனநிலையில் இருந்தால் அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். சமீபமாக அவள் கூப்பிடுவதில்லை.

ஆலை மூடிய மறுவாரமே அவள் மருந்துக்கடை வேலையை முழுநேரமாக மாற்றிக்கொண்டாள். காலை எட்டு மணிக்குப் போனால் திரும்பி வர மாலை ஏழு. சமையலறை பூட்டின் கைக்கு வந்தது. ஆரம்பத்தில் ஏதோ பொழுது போக வேண்டுமே என்று செய்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் பெரியவள் பள்ளி விளையாட்டு வகுப்பில் மயங்கி விழுந்தபோதுதான் அது வேறு விஷயமாக மாறியது.

பதினாலு வயதுப் பெண்ணுக்குப் பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அவளுக்கு எட்டுதான் இருந்தது.

"கீரை, முட்டை, பயறு, பழம் எல்லாம் நல்லா சாப்பிடட்டும். சாப்பிட்ட பிறகு இந்த மாத்திரை. மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம். ஏறலைன்னா அட்மிட் பண்ண வேண்டியிருக்கும்" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும் பூட்டு மனைவியிடம் சொன்னார். "இத என்கிட்ட விடு. மூணு மாசத்துல பன்னெண்டு ஆக்கிக் காட்டுறேன்."

அவர் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்ததை அவள் பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

மறுநாள் சமையலறைச் சுவரில் அட்டவணை ஏறியது. மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு வேளை நொறுக்கு. திங்கள் காலை என்ன, வியாழன் மாலை நாலு மணிக்கு என்ன, எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தது. "என்ன சமைக்கிறதுன்னு இனிமே யாரும் மண்டைய உடைச்சுக்க வேண்டாம். சாப்பாட்டுக்காக இந்த வீட்டுல ஒரு சத்தம், ஒரு சண்டை இருக்காது" என்று அறிவித்தார். உண்மையில் இருக்கவும் இல்லை. அவர் யாரையும் அதட்டவில்லை. இன்னொரு கரண்டி சாப்பிடு என்று கெஞ்சவும் இல்லை. நேரத்துக்குத் தட்டு வந்தது, நேரத்துக்கு டப்பா நிரம்பியது. பக்கத்து வீடுகளில் காலை ஏழரைக்குக் கேட்கும் கூச்சல் இங்கே கேட்காது.

ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தார். அது ஸ்டோரிலிருந்து வந்த சட்டம். ஒருமுறை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பேரிங் இருப்பில் இல்லாததால் ஒரு ஷிப்ட் முழுக்க நின்றுபோனது. மேனேஜர் நூறு பேருக்கு முன்னால் அவரை நிறுத்திக் கேள்வி கேட்டார். அதற்குப் பிறகு எந்தப் பொருளின் இருப்பும் ஒரு வாரத் தேவைக்குக் கீழே போக அவர் விட்டதில்லை. வீட்டிலும் அதேதான். முதல் சனிக்கிழமையே இரண்டு வாரத்துக் காய்கறி வாங்கி அடுக்கிவிட்டார். ஒரு வாரத்துச் சரக்கு எப்போதும் கையிருப்பில் நிற்க வேண்டும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். பழசு முன்வரிசை, புதுசு பின்வரிசை.

சின்னவளுக்கு ஏழு வயது. வீட்டில் எல்லாரும் கூப்பிடுவது வாலு. ஒரு சனிக்கிழமை அவர் மார்க்கெட் பையைப் பிரிக்கும்போது பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள். கீரை தண்ணீர் சொட்டச் சொட்ட வந்திருந்தது. ஒரு தண்டை எடுத்து அவள் ஒடித்தாள். சடக்கென்று சத்தம் கேட்டது.

"இத இன்னிக்கே செய்யலாம்ப்பா."

"இது அடுத்த வாரத்துக்கு. போன வாரத்துது உள்ள இருக்குல்ல."

"அது வாடிப்போச்சே."

"அதனாலதான் அத முதல்ல முடிக்கணும். பழசு தீரட்டும்."

"தீர்ந்ததும் இத சாப்பிடலாமா?"

"பின்ன, வேடிக்கையா பார்ப்போம்?"

வாலு கையிலிருந்த தண்டைப் பார்த்தாள். "அப்போ இதுவும் வாடிப்போயிருக்குமே."

"அதிகப்பிரசங்கி. போய்க் கை கழுவு."

"அப்பா, நாம எப்பத்தான் புதுசு சாப்பிடுவோம்?"

அவர் மார்க்கரைத் தேடிக்கொண்டிருந்தார்.

மனைவிக்கு இது தெரியாமல் இல்லை. மூடியைத் திறந்ததும் வரும் அந்த மக்கிய வாசனை ஒன்றே போதும். ஆரம்பத்தில் ஒருநாள் நயமாகச் சொல்லிப் பார்த்தாள். "கொஞ்சமா வாங்கி அன்னன்னிக்கே முடிச்சுட்டா என்னங்க? கடை என்ன ஓடியா போகுது?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் நாலு வார்த்தை பேசியிருப்பாள். ஃபிரிட்ஜிலிருந்த டப்பாக்களை எல்லாம் எடுத்து, துடைத்து, திரும்ப அதே வரிசையில் அடுக்கினார். கடைசி டப்பாவை வைத்துவிட்டு, திரும்பாமலே கேட்டார். "இதுலயும் நான் சரியில்லையா?"

அத்தோடு அவள் அந்தப் பேச்சை விட்டாள். அன்று பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "அப்பா எது வச்சாலும் நல்லா இருக்குன்னு சொல்லுங்க. இப்போதைக்கு அவருக்கு இருக்கிறது இந்த ஒரு வேலைதான். அதுல யாரும் குறை சொல்லக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. மூன்று பேரும் நல்லா இருக்கு என்றார்கள். மனைவி மதியத்தில் கடைக்கு எதிரே பன்னும் டீயும் வாங்கிச் சாப்பிட்டு ஒப்பேற்றினாள். வாலு மாடி வீட்டுத் தோழியோடு விளையாடப் போய், அவள் அம்மா கொடுப்பதைத் தின்றுவிட்டு வருவாள். பெரியவளுக்குத்தான் போக்கிடம் இல்லை. அப்பாவின் அட்டவணையே அவளுக்காகப் போட்டது.

அவள் இரவுத் தட்டை வீட்டுப்பாடம் இருக்கிறது என்று அறைக்குள் எடுத்துப்போவாள். காலித் தட்டு வெளியே வரும். பள்ளியிலிருந்து வரும் டப்பா ஒரு பருக்கை ஒட்டாமல் பளபளவென்று இருக்கும்.

"பார்த்தியா? கழுவியே கொண்டுவந்துடுறா" என்று பூட்டு மனைவியிடம் பெருமைப்பட்டுக்கொள்வார். பிறகு நீள நோட்டில் எழுதுவார். கீரை, ஒரு கிண்ணம். முட்டை, ஒன்று. மாத்திரை, ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக்.

மூன்று மாதம் முடிந்த சனிக்கிழமை நாலு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பூட்டு சலவைச் சட்டை போட்டிருந்தார். நீள நோட்டை ஒரு துணிப்பையில் வைத்து மடியில் வைத்திருந்தார், வேலைக்கான நேர்காணலுக்கு வந்தவர் மாதிரி.

டாக்டரம்மா ரிப்போர்ட்டை இரண்டு முறை பார்த்தார். "ஏறல சார். இறங்கியிருக்கு. ஏழு புள்ளி ஒண்ணு."

"இருக்காது மேடம்." பூட்டு சிரிக்கக்கூடச் செய்தார். "மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும். இதைப் பாருங்க. ஒரு நாள் விடல. கீரை எத்தனை தடவை, முட்டை எத்தனை, எல்லாம் தேதியோட இருக்கு."

டாக்டரம்மா நோட்டை வாங்கிப் பொறுமையாகப் புரட்டினார். நாலைந்து பக்கத்துக்குப் பிறகு நிமிர்ந்தார். "நீங்க கொடுத்தத எழுதியிருக்கீங்க. அவ சாப்பிட்டத எங்க எழுதியிருக்கீங்க?"

பூட்டுக்குக் கேள்வியே விளங்கவில்லை. ஸ்டோர் ஜன்னலைத் தாண்டிப் போன பொருள் போனதுதான். அதை மெஷினில் மாட்டினார்களா, மூலையில் எறிந்தார்களா என்று எந்த ஸ்டோர்கீப்பரும் பின்னாலேயே போய்ப் பார்ப்பதில்லை. அவர் பெரியவளைப் பார்த்தார். அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வாலு மட்டும் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ராத்திரி சாப்பாட்டையும் கவர்ல கட்டிக்கிட்டுப் போய் அக்கா பஸ் ஸ்டாப் குப்பைத்தொட்டியில கொட்டிடுவா" என்றாள். "அப்புறம் ஸ்கூல் குழாயில டப்பாவ கழுவிடுவா."

"வாலு!" என்றாள் அம்மா.

"நீதானம்மா சொன்ன, அப்பா மனசு கஷ்டப்படும், எதுவும் சொல்லாதேன்னு. இத்தன நாளா நான் சொல்லவே இல்லையே."

டாக்டரம்மா நோட்டை மூடினார்.

"வெறும் வயித்துல மாத்திரை போட்டா குமட்டுதுப்பா" என்றாள் பெரியவள், செருப்பிடம் சொல்வது போல. "அதனால அதையும் விட்டுட்டேன்."

பூட்டு நோட்டைத் திரும்ப வாங்கித் துணிப்பையில் வைத்தார். பையின் வாய் அகலமாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு முறை தவறிக் கீழே போட்டுவிட்டார். வெளியே வராந்தாவுக்கு வந்த பிறகுதான் மனைவியிடம் கேட்டார். "உனக்குத் தெரியுமா?"

"கொட்டுறான்னு சத்தியமா தெரியாதுங்க."

"நல்லா இல்லேன்னு?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவருக்கு அதுவே பதிலாக இருந்தது.

நடுப்பகலுக்குள் பெரியவளைப் படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். கையில் ஊசி ஏற்றி, மேலே பழுப்பு நிற மருந்து பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். நர்ஸ் ஒரு தட்டில் இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு தம்ளர் பாலும் கொண்டுவந்து வைத்தாள். ஆஸ்பத்திரி ரொட்டி, வெண்ணெய்கூடத் தடவாதது. பெரியவள் ஊசி குத்தாத கையால் அதை எடுத்தாள். ஓரத்தைக்கூட விடாமல் தின்றாள். தட்டில் விழுந்த தூளை விரலால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

கதவருகே நின்று பூட்டு அதைப் பார்த்தார். பசி இல்லாத பிள்ளை இல்லை இவள். இத்தனை நாளும் பசியோடுதான் இருந்திருக்கிறாள்.

"வீட்டுக்குப் போய்ட்டு வந்துடுறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

வழியில் மார்க்கெட். வழக்கமாக வாங்கும் கடைக்காரர் அவரைப் பார்த்ததும் நாலு கட்டுக் கீரையை எடுத்துப் பையில் திணிக்கப் போனார்.

"ஒண்ணு போதும்."

"ஒண்ணா? என்ன சார், வீட்ல யாரும் ஊர்ல இல்லையா?"

"ஒண்ணு போதும்ப்பா."

வீட்டில் முதல் வேலையாக ஃபிரிட்ஜைத் திறந்தார். முன்வரிசை, பின்வரிசை என்று பார்க்காமல் எல்லாவற்றையும் எடுத்துக் குப்பைப் பையில் கொட்டினார். மூடிகளில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பாதிதான் வந்தது. ஃபிரிட்ஜ் காலியாக நின்றபோது உள்ளே எரியும் சின்ன விளக்கு கண்ணைக் கூசவைத்தது. அந்த விளக்கை அவர் இத்தனை மாதத்தில் பார்த்ததே இல்லை. டப்பாக்கள் மறைத்துவிட்டிருந்தன.

வாங்கிவந்த கட்டை ஃபிரிட்ஜ் பக்கமே கொண்டுபோகவில்லை. நேராகக் கழுவி, நறுக்கி, அடுப்பில் வைத்தார். முட்டையை உடைத்துக் கலந்து சூடு ஆறாமல் டப்பாவில் அடைத்தார். கை தன்னால் சட்டைப்பையிலிருந்த மார்க்கரைத் தொட்டது. எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு ஓடினார். பார்வையாளர் நேரம் முடிய ஒரு மணி நேரம்கூட இல்லை. பஸ் வருவதாகத் தெரியவில்லை. சூடான டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தே போனார்.

பெரியவள் தலையணையில் சாய்ந்திருந்தாள். டப்பாவைப் பார்த்ததும் அவள் கண்கள் பழக்கத்தில் மூடிமேல் போயின.

"தேதி போடலையா?"

"போடல. இப்பத்தான் வாங்கினேன். இப்பத்தான் செஞ்சேன்."

ஆவி பறந்தது. பச்சை நிறம் பச்சையாகவே இருந்தது. அவள் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். ஒரு நொடி நிறுத்தினாள். விழுங்கினாள். இரண்டு. மூன்று. நாலாவது கரண்டிக்குப் பிறகு கரண்டியை டப்பாவிலேயே வைத்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார் பூட்டு.

"நல்லா இருக்குப்பா. ரொட்டி சாப்பிட்டேன்ல, வயிறு நிறைஞ்சிருச்சு."

இன்னும் கொஞ்சம் என்று அவர் சொல்லவில்லை. எப்போதும் சொன்னதில்லை. டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். மீதியை என்ன செய்வது என்று தெரியவில்லை. எடுத்துவைத்தால் நாளைக்கு அது நேற்றையது ஆகிவிடும். அவளுடைய கரண்டியாலேயே கொஞ்சம் எடுத்து வாயில் போட்டார்.

உப்பு இல்லை. அவசரத்தில் உப்பைப் போடவே மறந்திருந்தார்.

தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக விழுங்கினார். உள்ளே வாலு அக்காவிடம் ஏதோ கேட்டுச் சிரிப்பது கேட்டது. உடனே பெரியவளின் குரல், தணிவாக.

"ஷ். கத்தாத. அப்பா வெளியதான் நிக்கிறாரு."