மைலோ டின்னில் சாய்ந்த கம்பி

காலையில் லியனார்ட் எழுந்து அடுப்பில் தண்ணீர் வைப்பான். மகள் சூசனின் பள்ளிச் சீருடையை இஸ்திரி போடுவான். ரொட்டியில் காயா என்ற தேங்காய்ப்பால் ஜாமைத் தடவி டப்பாவில் அடைப்பான். அவன் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது, பிப்ரவரியில் டெங்கிக் காய்ச்சலில் இறந்துபோன அவன் மனைவி கேத்தரினின் கால் தையல் மெஷின் முன்னறையில் தைக்கத் தொடங்கும். மிதிகட்டை தானாக ஏறி இறங்கும். வெள்ளைத் துணியை இறுக்கிய மர வளையம் ஊசிக்குக் கீழே முன்னும் பின்னும் நகரும். சற்று நேரத்தில் நூல் அறும், மெஷின் நிற்கும். லியனார்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து ஊசியில் மறுபடி நூலைக் கோத்து வைப்பான். பிறகு சூசனை பஸ் ஏற்றிவிட்டு வேலைக்குப் போவான்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இது யாருக்கும் பெரிய செய்தியாக இல்லை. 1982-இல் மீன் விலை ஏறியிருந்தது, பேசுவதற்கு அதுவே போதுமாக இருந்தது. அடுத்த வீட்டில் இருந்த யாழ்ப்பாணத்துப் பூரணம் ஆன்டி மட்டும் ஒருநாள் வேலியோரம் நின்று, "தம்பி, உங்கட மெஷின் சத்தத்திலதான் நாங்க எழும்புறது. அலாரத்த மருமகனுக்குக் குடுத்திட்டன்" என்றார். பங்குச் சாமியார் வந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுவதில்லை, கேத்தரின் ஞாயிற்றுக்கிழமை தைக்கமாட்டாள் என்றான் லியனார்ட். அப்படியென்றால் சரி என்று மெஷின்மேல் தீர்த்தம் தெளித்து, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

சிக்கல் நூல் அறுவதில்தான் இருந்தது. வளையத்தில் இருந்தது, சூசன் முதல்முறை நற்கருணை வாங்கும்போது போடவேண்டிய புதுநன்மைக் கவுன். நெஞ்சுப் பகுதியில் கோதுமைக் கதிர்களைக் கேத்தரின் உயிரோடு இருக்கும்போதே முடித்திருந்தாள். அவற்றுக்குக் கீழே திராட்சைக் குலை பாதியில் நின்றது. ஒவ்வொரு காலையும் ஒரு பழம் நிறைவதற்குள் நூல் அறுந்து, அந்த இடத்தில் முடிச்சு விழுந்துவிடும். மறுநாள் அந்த முடிச்சைப் பிரிப்பதிலேயே பாதி நேரம் போகும். ஜூனில் நற்கருணைத் திருவிழாவன்று சூசன் புதுநன்மை வாங்கவேண்டும். மே மாதம் முழுக்கக் குலை அதே இடத்தில் நின்றது.

கடையில் விற்கும் சிறு நூல்கட்டைகள் எம்பிராய்டரிக்குச் சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பதால், சுங்கை வே துணித் தொழிற்சாலையில் மிச்சமாகும் பெரிய, கூம்பு வடிவ நூல் கோன்களைத்தான் கேத்தரின் வாங்குவாள். வீட்டு மெஷினில் நூல்கட்டை மாட்டும் கம்பியில் கோன் நிற்காது. அதைப் பின்னால் தனியாக நிறுத்தி, நூலை அதன் தலைக்கு நேர் மேலே ஏற்றி, ஒரு கொக்கி வழியாக மெஷினுக்கு இறக்கவேண்டும். அந்தத் தாங்கியை லியனார்ட்தான் செய்து கொடுத்தான். அவன் டெக்னிகல் காலேஜில் படித்தவன், ரயில்வேயில் வரைபடம் வரைபவன். காலியான மைலோ பானத்தூள் டின்னில் சிமெண்டு கரைத்து ஊற்றி, சட்டை மாட்டும் கம்பியை நீட்டி நட்டு, மேலே கொக்கி வளைத்து, காயட்டும் என்று பின்கட்டில் வைத்துவிட்டு ஹாக்கி பார்க்கப் போனான். பின்கட்டின் தரை சாய்வானது. திரும்பி வந்தபோது கம்பியும் சாய்ந்து இறுகியிருந்தது. கொக்கி கோனுக்கு நேர் மேலே இல்லாமல் ஒரு பக்கமாக நின்றதால் நூல் விளிம்பில் உரசி அவ்வப்போது அறுந்தது. திங்கட்கிழமை சரிசெய்கிறேன் என்றான். திங்கட்கிழமைகள் போயின. கேத்தரின் ஒரு சோப்பு அட்டையை மடித்து டின்னுக்கு அடியில் செருகி, அதைக்கொண்டே சமாளித்தாள்.

இப்போது அந்த அட்டையை யாரும் தொட லியனார்ட் விடவில்லை. அவள் சீப்பு, அவள் குடை, பாதி தீர்ந்த அவள் பவுடர், எல்லாம் அவள் வைத்த இடத்தில் இருந்தன. டின்னும் அப்படியே இருக்கவேண்டும் என்றிருந்தான். அக்கம்பக்கத்தார் அதை மதித்து, ஆளுக்கொரு தாங்கி செய்துகொண்டு வந்தார்கள். பூரணத்தின் கணவர் சண்முகரத்தினம் குடைக்கம்பியைச் செங்கல்லில் கட்டிக் கொண்டுவந்தார். ஒர்க்ஷாப் பாலன் சைக்கிள் ஸ்போக்கைப் பலகையில் அடித்தான். தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை பழைய மெழுகுவர்த்தித் தண்டு ஒன்றை அனுப்பினார். எல்லாம் நேராக நின்றன. ஆனால் கோனை அவற்றில் வைத்த காலைகளில் மிதிகட்டை அசையவே இல்லை. மைலோ டின்னுக்கு மாற்றிய பிறகுதான் ஓடியது, ஓடி, அறுந்தது.

திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை காலையில் கிள்ளானிலிருந்து கேத்தரினின் அக்கா மார்க்கிரட் ஒரு பெட்டியோடு வந்தாள். மெஷின் அப்போதுதான் நூல் அறுந்து நின்றிருந்தது.

"இன்னும் முடிக்கலியா அவ? உயிரோட இருக்கும்போதும் இதே கதைதான். கல்யாணப் பொண்ணு கார்ல ஏறுற வரைக்கும் பட்டன் தச்சிக்கிட்டு இருப்பா" என்றாள். பெட்டிக்குள் கடையில் வாங்கிய கவுன் இருந்தது. "இத போட்டுக்க லா சூசன். நாளைக்குப் பூசை."

"வேணாம் பெரியம்மா. அம்மா முடிச்சிருவாங்க. அப்பாதான் கம்பிய தொட விடமாட்றாங்க."

"என்ன கம்பி?"

சூசன் மைலோ டின்னைக் கைகாட்டினாள். மார்க்கிரட் சுவரில் மாட்டியிருந்த நினைவு அட்டையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். கேத்தரினின் படத்துக்குக் கீழே, அவளுடைய கடைசி வார்த்தை என்று, 'இயேசுவே, உம்மிடம் வருகிறேன்' என அச்சடித்திருந்தது. மார்க்கிரட் சொல்லி அச்சடித்தது. "இப்படிச் சொல்லிட்டுப் போனவ, பிள்ளைய இப்படி விட்டுருவாளா?" என்றாள்.

"அவ அப்படிச் சொல்லல அக்கா" என்றான் லியனார்ட்.

"அட்ட அடிக்கும்போது நீ ஒண்ணும் சொல்லலியே?"

"நீங்க கேக்கல."

அவன் எழுந்து போய்க் குறடு எடுத்து வந்தான். சோப்பு அட்டையை உருவினான். அது அவன் நினைத்ததைவிட லேசாக இருந்தது. கம்பியை அடியில் பிடித்து வளைத்து, கொக்கி கோனின் தலைக்கு நேர் மேலே வரும்வரை நிமிர்த்தினான். காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. நூலைக் கோத்தான். மிதிகட்டை ஏறி இறங்கியது. மத்தியானம்வரை நூல் அறவில்லை. குலையின் கடைசிப் பழம் நிறைந்ததும் மெஷின் நின்றது. மார்க்கிரட் குனிந்து, மிச்ச நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கடைக் கவுனைத் திருப்பிக் கொடுத்து அந்தப் பணத்தில் கேக் வாங்கினார்கள்.

அதன்பிறகும் மெஷின் காலையில் ஓடியது. பூரணம் ஆன்டியின் ரவிக்கைகள், பாலன் மகளின் பள்ளிச் சின்னம், பாடகர் குழுவின் அங்கிகள் என்று துணியை இரவே வைத்துவிட்டால் போதும். லியனார்ட் மறுமணம் செய்யவில்லை, காதோரம் நரைத்தான், சீப்பையும் குடையையும் யாருக்கோ கொடுத்தான். தொண்ணூறுகளின் நடுவில் சூசன் கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போனாள். மெஷினையும் டின்னையும் லோரியில் ஏற்றும்போது, "அம்மா கடைசியா என்னதான்ப்பா சொன்னாங்க?" என்று கேட்டாள். லியனார்ட் சொன்னான். ஆஸ்பத்திரிக்குப் போகும் டாக்சி ஸ்டேஷன் ரோட்டில் திரும்பியபோது, காய்ச்சலில் அவன் தோளில் சாய்ந்திருந்தவள் கண்ணைத் திறந்து சொன்னது. அதற்குப்பின் அவள் பேசவில்லை.

"அந்தக் கம்பிய கொஞ்சம் நிமித்தி வச்சிருங்க. நான் வந்து மிச்சத்த தச்சிக்கிறேன்."