கார்ன்மில் தெருவில் இல்லாத எட்டாம் தேதி

பிப்ரவரி 9, வியாழன். நேற்றைய பக்கத்தில் ஒரு பிழை செய்திருக்கிறேன். "பிப்ரவரி 8, புதன். பாதையில் நடந்தவர்கள்: ஒருவர் (நான்)" என்று எழுதியிருக்கிறேன். எங்கள் தெருவில் பிப்ரவரி 8 கிடையாது. தேதியைத் தவறாகப் போட்டிருக்க வேண்டும். விசாரித்துத் திருத்த வேண்டும்.

இதை எழுதிவிட்டு ஹெட்டி கிளஃப் அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டாள். எதையும் முதலில் பென்சிலால் எழுதி, மறுநாள் சரிபார்த்த பிறகே அதன் மேல் பேனாவை ஓட்டுவது அவள் பழக்கம். எட்டாம் தேதிப் பக்கம் பென்சிலிலேயே நின்றது.

லீட்ஸ் நகரத்தில் ஆற்றின் தென்கரையில் இருக்கிற கார்ன்மில் தெருவுக்கு இருபது வருடங்களாகப் பிப்ரவரி எட்டு வருவதில்லை. ஏழாம் தேதி இரவு விளக்கணைத்துப் படுக்கிற நூற்றுப் பன்னிரண்டு வீட்டாரும் ஒன்பதாம் தேதி காலையில் எழுந்திருக்கிறார்கள். முதல் வருடம் ஏதோ விஷக் காய்ச்சல் என்றார்கள். ஆனால் மேசையில் மூடாமல் வைத்த ரொட்டி காயவில்லை. ஆண்களுக்கு ஒரு ராத்திரித் தாடிதான் வளர்ந்திருந்தது. கேஸ் மீட்டர் ஒரு யூனிட்கூட நகரவில்லை. இரண்டாம் வருடம் பால்காரர் அந்த நாளைக்குப் பால் போடுவதை நிறுத்தினார். மூன்றாம் வருடத்திலிருந்து பள்ளிக்கூடங்கள் வருகைப் பதிவேட்டில் கார்ன்மில் தெருப் பிள்ளைகளின் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டன. ஐந்தாம் நம்பர் வீட்டு ஆம்ப்ரோஸ் லிபர்ட்டுக்குத்தான் கொஞ்சம் சிக்கல். அவருடைய பிறந்த நாள் பிப்ரவரி எட்டு. அறுபத்து நாலில் நின்றுவிட்டார். அறுபத்தைந்து ஆகாதவருக்குப் பென்ஷன் இல்லை என்று ஆபீஸில் சொல்லிவிட்டதால், எண்பத்து நாலு ஆகியிருக்க வேண்டிய மனிதர் இன்னமும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் ஓட்டினார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். தெருமுனையில் பழைய மாவு மில்லின் சுவரை ஒட்டி ஆற்றுக்குப் போகிற பாதை ஒன்று உண்டு. படகுத் துறையோடு முடிந்துவிடுகிற முட்டுப் பாதை. தெருக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் அதில் வேலை இல்லை. இருபது வருடங்களுக்கு முன்பு ஒரு கம்பெனி மில்லையும் கரையையும் வாங்கி, பாதையின் தலைமாட்டில் ஒரு இரும்புக் கேட்டை நிறுத்தி, பலகை ஒன்றை மாட்டியது: இந்த வழி ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி எட்டு அன்று பூட்டப்படும். மற்ற நாட்களில் தாராளமாகப் போகலாம். அந்த ஒரு நாளில்தான் சூட்சுமம். இருபது வருடம் தடையில்லாமல் ஜனங்கள் நடந்தால் பாதை பொதுவாகிவிடும் என்பது அந்த நாட்டுச் சட்டம். வருடத்தில் ஒரு நாள் பூட்டி ஒரே ஒருவரைத் திருப்பி அனுப்பினாலும் போதும், கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பலகை மாட்டிய வருடத்திலிருந்து தெருவுக்கு அந்த நாள் வரவில்லை. கம்பெனி அதை எடுத்துக்கொண்டது என்றே தெரு நினைத்தது.

பூட்டுகிற வேலை வில்ஃப் சக்டனுக்கு. கம்பெனியின் காவலாள். கம்பெனி கொடுத்த நீலக் கோட்டின் இடுப்பில் அந்தப் பூட்டு எப்போதும் தொங்கும். வருடா வருடம் கம்பெனியின் புத்தகத்தில் "பூட்டினேன், திறந்தேன்" என்று கையெழுத்துப் போடுவார். தெரு அவரோடு பேசுவதை நிறுத்தி இருபது வருடமாகிறது. மதுக்கடையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாகிவிடும். அவர் மனைவி ஜோன் சக்கர நாற்காலிக்கு வந்து ஆறு வருடமாகியும், எப்படி இருக்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை.

நாலு வருடங்களுக்கு முன்பு, பேட்டைவாசிகள் தங்கள் பேட்டைக்குத் தாங்களே திட்டம் வரையலாம், அது விசாரணையிலும் வாக்கெடுப்பிலும் தேறினால் மாநகராட்சி அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று தெரியவந்தது. மேவிஸ் ஹோல்ட்ராய்ட் தலைமையில் திட்டக்குழு அமைந்தது. மேவிஸ் பள்ளிக்கூடச் சமையலறையை முப்பது வருடம் நடத்தியவள். அவள் சொன்னால் பெரியவர்களும் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். வீடு வீடாகச் சீட்டுக் கொடுத்து, ஆற்றங்கரையில் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். விளக்கு வேண்டும், ஆல்டர் மரங்கள் வேண்டும், துறைக்குப் படி வேண்டும், மில் இருக்கிற இடத்தில் கம்பெனி எழுப்ப நினைக்கிற பதினோரு மாடி தண்ணீரின் விளிம்புவரை வரக்கூடாது. பெயரில்லாத ஒரு சீட்டில், "படி வேண்டாம். சக்கரம் இறங்குகிற சரிவாக இருக்கட்டும்" என்று இருந்தது. எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் ஏற்றினார்கள். எல்லாமே அந்தப் பாதைக்கு அப்பால் இருந்தன. பாதை பொது என்று தீர்ப்பானால் திட்டம் நிற்கும். இல்லையென்றால் வெறும் கலர் பென்சில் படம்.

ஹெட்டி திட்டக்குழுவின் காரியதரிசி. வயது இருபத்து மூன்று. பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, செவ்வாய் மாலையில் நகரத்தின் மறுகோடியில் ஊரமைப்பு வகுப்பு. கேட்டைத் தாண்டுகிறவர்களைத் தினமும் எண்ணி நோட்டில் எழுதிவந்தாள். இருபது வருட மீட்டர் கணக்குகளை வாங்கி, நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் எட்டாம் தேதிக்கு நேரே பூஜ்யம் என்று பட்டியல் போட்டவளும் அவள்தான். குழுவின் வாதமே அதுதான்: கேட்டைப் பூட்டினாலும் வந்து நின்று திரும்பிப் போனவர் ஒருவரும் இல்லை, ஆகவே யாரும் தடுக்கப்படவில்லை. விசாரணை மார்ச் இரண்டு என்று குறித்திருந்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பிழை. ஏழாம் தேதி வகுப்பு முடிந்து வெளியே வந்தால் பனி கொட்டியிருந்தது. பஸ் இல்லை. வகுப்புத் தோழி வீட்டில் படுத்தாள். அப்படி வெளியே தங்க நேர்ந்தவர்கள் எட்டாம் தேதியை அங்கேயே கழித்துவிட்டு ஒன்பதாம் தேதி திரும்புவதுதான் தெருவின் வழக்கம். இல்லாதவர்கள் வீட்டில் போய் நடமாடுவது மரியாதையில்லை. ஹெட்டி பனியைத்தான் நினைத்தாளே தவிர தேதியை நினைக்கவில்லை. மதியம் திரும்பினாள். தெரு சத்தமில்லாமல் கிடந்தது, பனியால் என்று எண்ணிக்கொண்டாள். வழக்கம்போல ஆற்றுவரை நடந்தாள், திரும்பினாள், எழுதினாள், தூங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கோட்டுப் பையில் பஸ் டிக்கெட் அகப்பட்டது. அதில் எட்டாம் தேதி அச்சாகியிருந்தது. வகுப்புத் தோழிக்குப் போன் போட்டுக் கேட்டாள், அவளும் புதன்கிழமைதான் என்றாள். மூன்றாவதாக ஒரு சான்று தேவைப்படவில்லை, இருந்தும் கடைக்குப் போய்ப் பழைய பேப்பரில் பனி பெய்த நாளைப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு மேவிஸிடம் போனாள்.

"எட்டாம் தேதி கேட்டுக்குப் போனியா?" மேவிஸ் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அடிப் பாவி. ஒரே ஒரு ஆள் போய் நின்னா போதும்னுதானே அவங்க வக்கீல் நாக்கத் தொங்கப் போட்டுட்டு இருக்கான்? அந்தப் பக்கத்தக் கிழி கண்ணு. இப்பவே கிழி."

"நிக்கல மேவிஸ். உள்ள போனேன்."

"ஏறிக் குதிச்சியா?"

"இல்ல. திறந்து இருந்துச்சு."

மேவிஸ் அவளையே பார்த்தாள். "உனக்குக் காய்ச்சல்" என்றாள். "இருபது வருஷமா பூட்டுற கேட்டு உனக்கு மட்டும் திறந்திருந்துச்சாக்கும்? தூங்கி எந்திரிச்சு வா."

ஹெட்டிக்கும் அப்படித்தான் தோன்றியது. அவளுக்குத் தன்மேல் நம்பிக்கை வருவது எப்போதுமே கடைசியில்தான். வீட்டுக்கு வந்து மீட்டர் பட்டியலை எடுத்து, எங்கே தப்புச் செய்திருப்போம் என்று முதல் வீட்டிலிருந்து விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். முப்பத்தொன்றில் விரல் நின்றது. முப்பத்தோராம் நம்பர், சக்டன். இருபது வருடத்துக்கும் பூஜ்யம். அந்தப் பூஜ்யங்களைத் தானே தட்டச்சு செய்திருந்தாள். அவற்றைப் படித்தது இதுவே முதல் தடவை.

முப்பத்தொன்றாம் வீட்டுக் கதவை அவள் இரண்டு தடவை தட்ட வேண்டியிருந்தது. தட்டுகிற சத்தம் அந்த வீட்டுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. வில்ஃப் திறந்தார். அவள் நோட்டைத் திறந்து காட்டினாள்.

"அந்த பூட்ஸ் தடம் உன்னோடதா?" என்றார். "ஒன்பதாம் தேதி விடியக்காலைல நான்தான் பெருக்கித் தள்ளினேன். யாரோன்னு ரெண்டு நாளா தெருவுல ஒவ்வொருத்தர் பூட்ஸையும் பார்த்துட்டு இருக்கேன்."

"மிஸ்டர் சக்டன், நீங்க ஒரு தடவகூட பூட்டினதே இல்லையா?"

"எப்படிம்மா பூட்டுறது? நானும் இந்தத் தெருக்காரன்தானே. எனக்கு மட்டும் எட்டாம் தேதி தனியா வருமா? முதல் வருஷம் எந்திரிச்சுப் பார்த்தா ஒன்பது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகல. கையெழுத்தப் போட்டுட்டேன். அப்புறம் வருஷா வருஷம் அதே கதைதான்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? குட் மார்னிங் சொன்னாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க."

உள்ளேயிருந்து ஜோனின் குரல் வந்தது. "யாருங்க அது? வந்த பொண்ண வாசல்லயே நிக்க வெச்சுப் பேசுறீங்களே, உள்ள கூப்பிடுங்க. பிஸ்கட் டப்பா எங்க வெச்சேன்னுகூட மறந்துபோச்சு."

பிஸ்கட் நமுத்திருந்தது. மூவரும் சாப்பிட்டார்கள். இது வெளியே வந்தால் வேலை போய்விடும், இருபது பொய்க் கையெழுத்துக்குக் கம்பெனி கோர்ட்டுக்கே இழுக்கலாம், வேலைக்காகக் கொடுத்த வீடு இது என்று வில்ஃப் விரல்விட்டுச் சொன்னார். ஹெட்டி நானாக எடுத்துச் சொல்ல மாட்டேன் என்றாள். கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன் என்றாள். வில்ஃப் பிஸ்கட் டப்பாவை மூடினார். ஜோன் ஜன்னல் வழியாக இரும்புக் கேட் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மூன்று வாரமும் ஹெட்டிக்குத் தூக்கம் சரியில்லை. நோட்டு ஏற்கெனவே சாட்சியப் பட்டியலில் இருந்தது, வக்கீல் அதை வரி விடாமல் படிப்பார். பக்கத்தைக் கிழித்தால் நோட்டு முழுவதும் பொய்யாகும். கிழிக்காவிட்டால் முப்பத்தொன்றாம் வீடு போகும். விசாரணைக்கு முதல் நாள் கடையில் ஒரு கிழவருக்கு வேறொருவர் கண்ணாடியை மாட்டி அனுப்பிவிட்டாள்.

மெதடிஸ்ட் கோயிலின் கூடத்தில் விசாரணை நடந்தது. தெற்கிலிருந்து வந்த மிஸ் எல்வின் என்ற அதிகாரி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிப்ரவரி எட்டு அன்று தெருவாசிகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார். தெரியவில்லை என்று மேவிஸ் சொன்னதையும் எழுதிக்கொண்டார். ஆம்ப்ரோஸ் லிபர்ட் தன் பிறந்த நாள் விஷயத்தைச் சொல்லி, "இந்தப் பாதை கெடைக்குதோ இல்லையோ மேடம், என் அறுபத்தஞ்ச மட்டும் வாங்கிக் குடுத்துருங்க" என்றபோது கூடம் சிரித்தது. அத்தோடு சிரிப்பு முடிந்தது. கம்பெனி வக்கீல் இருபது கையெழுத்து உள்ள புத்தகத்தை மேசைமேல் வைத்து, ஹெட்டியை அழைத்தார்.

"எட்டாம் தேதி பாதைல ஒருத்தர் நடந்ததா எழுதியிருக்கீங்க. மறுநாள் அது பிழைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதுவும் பென்சில்ல. ரெண்டுல ஒண்ணுதான் நடந்திருக்கணும். தேதி தப்பு, அப்படின்னா உங்க நோட்டையே நம்ப முடியாது. இல்ல, போனீங்க, பூட்டியிருந்துச்சு, திரும்பிட்டீங்க. எது?"

ஹெட்டி வாயைத் திறந்தாள். கடைசி வரிசையில் வில்ஃப் நீலக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நாற்காலிகள் காலி. மேவிஸின் விரல்கள் கைப்பையைப் பிசைந்தன.

"தேதி சரிதான்" என்றாள் ஹெட்டி. "போனேன்." கூடத்தில் யாரோ ஐயோ என்றார்கள்.

"பூட்டியிருந்ததா?"

அவள் கடைசி வரிசையைப் பார்த்தாள். வக்கீல் காத்திருந்தார். மிஸ் எல்வினின் பேனாவும் காத்திருந்தது.

"அத என்கிட்ட கேளுங்க சார்" என்றார் வில்ஃப், எழுந்து நின்று.

"நீங்க எங்க சாட்சி மிஸ்டர் சக்டன். உங்க முறை அப்புறம்."

"சாட்சிதான். வீட்டு நம்பர் முப்பத்தொண்ணு."

வக்கீலுக்கு அது விளங்கவில்லை. மிஸ் எல்வின் மீட்டர் பட்டியலைப் புரட்டி, விரலை மேலிருந்து கீழே இறக்கினார். முப்பத்தொன்றில் நிறுத்தினார். பிறகு குறுக்கே ஒவ்வொரு பூஜ்யமாக, இருபதையும் எண்ணினார். கண்ணாடியைக் கழற்றினார். வில்ஃப் முன்னால் வந்து, இடுப்பிலிருந்து பூட்டை எடுத்து மேசையில் வைத்தார். அதன் சாவித் துவாரத்தின் மேல், கடையில் ஒட்டிய காகிதம் இன்னும் கிழியாமல் இருந்தது.

அவர் தன் இடத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தபோது யாரும் கைதட்டவில்லை. கூடத்திலிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி, காலியாக இருந்த அந்த நாலு நாற்காலிகளைப் பார்த்தார்கள். வில்ஃபும் தெருக்காரர்தான் என்பது இருபது வருடமாக ஒருவருக்கும் தோன்றவில்லை. மேவிஸ் எழுந்தாள். கூடத்தின் நீளம் முழுக்க நடந்துபோய், அவருக்கு வலப்பக்க நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஜோன் எப்படி இருக்கா?" என்றாள் கடைசியில்.

ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: பாதை பொது. ஜூனில் வாக்கெடுப்பு, திட்டம் தேறியது. கம்பெனி பதினோரு மாடியை மில் சுவருக்குப் பின்னால் தள்ளி ஆறு மாடியாக்கிக்கொண்டது. வில்ஃபின் வேலை தீர்ப்பு வந்த வாரமே போனது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த கடிதங்களுக்குத் தெருவே சேர்ந்து பதில் எழுதியது, நூற்றுப் பதினொரு வீட்டுக் கையெழுத்தோடு. கம்பெனி பதிமூன்றாவது கடிதத்தோடு ஓய்ந்தது. பலகையைக் கழற்றி எறிந்தார்கள்.

பலகை போனதும் அந்த நாள் வந்துவிடும் என்று அடுத்த பிப்ரவரியில் நிறையப் பேர் நம்பினார்கள். ஆம்ப்ரோஸ் கேக்குக்கே சொல்லிவைத்திருந்தார். ஏழாம் தேதி படுத்தார்கள், ஒன்பதாம் தேதி எழுந்தார்கள். கேக் நன்றாக இருந்தது. பஸ் கம்பெனி அவருக்கு இன்னும் ஐந்து வருடத்துக்கு வேலையை நீட்டித்துக் கொடுத்தது. திட்டத்தின் இறுதிப் பிரதியில், பிப்ரவரி எட்டு அன்று எந்த வேலையும் வைக்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். மாநகராட்சி ஏன் என்று கேட்கவில்லை. ஹெட்டி தன் பழைய நோட்டை எடுத்து, அந்தப் பென்சில் பக்கத்தின் மேல் பேனாவை ஓட்டினாள். தெருவுக்குள் ஒரு எட்டாம் தேதியை வாழ்ந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால், பார்க்கும்போதெல்லாம் மேவிஸ், "ஒரு நாள் மூத்தவ வந்துட்டா, வழி விடுங்க" என்பாள்.

அதற்கடுத்த வருடத்து நோட்டில் இப்படி இருக்கிறது:

பிப்ரவரி 7, வெள்ளி. பாதையில் நடந்தவர்கள்: நாற்பத்தாறு. துறைக்கு இறங்கும் சரிவுப் பாதையின் சிமென்ட் காய்ந்துவிட்டது. சாய்வை இரண்டு தடவை அளந்தேன், பன்னிரண்டுக்கு ஒன்று வருகிறது. ஆனாலும் கடைசி ஒரு கஜத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. நாளை ஞாயிறு, ஒன்பதாம் தேதி. காலை பத்து மணிக்கு ஜோன் இறங்குகிறாள். ஒன்பது மணிக்கே போய் வில்ஃபோடு சேர்ந்து மறுபடி அளக்க வேண்டும்.