நாற்பத்தெட்டு வோல்ட்

ஐஸ்பெட்டியின் உறுமல் சட்டென்று அடங்கியது. மேலே காத்தாடியும் தளர்ந்து நின்றது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

"கரண்ட்டு போயிருச்சு," என்றாள் முனீஸ்வரி. பெட்டிக்குள் கிடந்த உக்கிரபாண்டியின் தங்கச்சி. ஒப்பாரியில் இருந்த குரல் என்பதால் அதையும் இழுத்தே சொன்னாள்.

ஜெயக்கொடி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் டீயை வாயில் வைத்தவர், டம்ளரைக் கீழே வைக்காமலே சரிந்துவிட்டார். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் இவ்வளவு நேரம் வேலை இல்லாமல் படுத்து அவள் பார்த்ததில்லை.

வெளியே போய்வந்த அழகுபாண்டி, தங்கை ஜெயக்கொடியின் பக்கத்தில் குந்தினார்.

"முக்குல டிரான்ஸ்பார்மர் வெடிச்சுருச்சாம்த்தா. ஆறு மணிக்கு மேலதான்னு சொல்றாய்ங்க."

"ஜெனரேட்டர்?"

"முகூர்த்த நாளு. வண்டியூர் வரைக்கும் போன் போட்டுப் பாத்தாச்சு. ஒண்ணும் சும்மா இல்ல." குரலைத் தாழ்த்தினார். "வெயிலும் கொளுத்துது. மாப்ளய மூணு மணிக்கெல்லாம் எடுத்துருவோம்."

"செல்வி நாலரைக்குத்தாண்ணே வந்து எறங்குறா."

"தெரியும். பிள்ளைக்குப் போன்ல காட்டிக்கிருவோம்."

"அப்பனப் பாக்க ஜெர்மனியில இருந்து ஓடியாரவளுக்குப் போன்லயா காட்டுவீக?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டரை.

வாசலில் நின்ற கடைப் பையன் சுருளி தயங்கித் தயங்கிச் சொன்னான். "அக்கா, வேன்ல இருந்து கரண்ட்டு எடுக்கலாம்."

இரண்டு வருஷமாக வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற பழைய ஸ்கூல் வேன். உக்கிரபாண்டிக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கடையைச் சாத்தியதும் சுருளியைக் கூட்டிக்கொண்டு வேனுக்குள் புகுந்துவிடுவார். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே. ஊர் ஊராய்ப் போய் அதிலேயே தங்கலாமாம். ஜெயக்கொடி ஒருநாளும் ஏறிப் பார்த்ததில்லை.

இப்போது எழுந்தாள்.

"மதினி, தலைமாட்ட விட்டு எங்க போற?"

"நீ உக்காரு முனீஸ்வரி. ஒங்க அண்ணந்தான."

வேனுக்குள் ரம்பத்தூள் வாசம். படுக்கைப் பலகையைச் சுருளி தூக்கினான். அடியில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று.

"நம்ம வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி இல்லையே?"

"இது லித்தியம்க்கா. நாப்பத்தெட்டு வோல்ட்டு."

"வண்டிக்கெல்லாம் பன்னண்டுதான?"

"மொத பன்னண்டுலதான் போட்டோம். பாதி வேலை முடிஞ்ச பெறகு அண்ணே அம்புட்டையும் உருவிட்டாக."

"ஏன்?"

"ஏசிக்கு." மூலையில் சுருண்டு கிடந்த கட்டைவிரல் தண்டி ஒயரை எடுத்துக் காட்டினான். "ராத்திரி பூராம் ஏசி ஓடணும்னா பன்னண்டுல இம்புட்டுத் தண்டி வேணும். அதுவும் கொதிக்கும். நாப்பத்தெட்டுன்னா அதே வேலைக்குக் கால்வாசி கரண்ட்டு போதும்."

"மிச்ச முக்காவாசி எங்க போகும்?"

"எங்கயும் போகாதுக்கா. வோல்ட்டு நாலு மடங்குல்ல."

ஜெயக்கொடி ஒயரைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தாள். "நாலு நடையில செமக்கிறத ஒரே நடையில செமக்கிற மாதிரியா?"

"அதேதான்." சுருளி அவளை ஒருமாதிரி பார்த்தான். "எனக்கு இது மண்டையில ஏற ஒரு வாரம் ஆச்சு."

"சரி, ஏசி எதுக்கு? அந்த மனுசன் சித்திரை வெயில்லயும் மொட்டமாடியில தூங்குற ஆளு."

அவன் ஒயரை வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தான்.

"நீங்கதான் சொன்னீகளாம்லக்கா. ஏசி இல்லாம வரமாட்டேன்னு."

சொல்லியிருந்தாள். தோசையைத் திருப்பிக்கொண்டே, முகத்தைக்கூடப் பார்க்காமல். அந்தப் பேச்சு அதோடு நிற்கட்டும் என்று சொன்னது. நின்றும் போயிருந்தது. அதற்குப் பிறகு அவர் அவளைக் கூப்பிடவே இல்லை.

சுருளி வேனிலிருந்து ஒரு ஒயரை வீட்டுக்குள் இழுத்து, பிளக் பலகையில் ஐஸ்பெட்டியை மாட்டிவிட்டு வந்தான். "இந்தப் பச்சைப் பட்டன அமுக்கிக்கிட்டுப் பத்து எண்ணுங்க. பெறகு செவப்பு சுவிச்ச மேல தள்ளுங்க."

"எதுக்குப் பத்து?"

"எடுத்த எடுப்புல குடுத்தா பொறி பறக்கும். கொஞ்சங் கொஞ்சமாப் பழக்கணும்."

எண்ணினாள். தள்ளினாள். வீட்டுக்குள் ஐஸ்பெட்டி உறுமியது. சின்னத் திரையில் 390 என்று வந்தது. அதன் கீழே 38 சதவீதம்.

"மேல இருக்கது பெட்டி இழுக்குற வாட்டு, கீழ இருக்கது பேட்டரியில மிச்சம். பெட்டி மட்டும் ஓடுனா அஞ்சு மணி நேரம் தாங்கும். வேற எதையும் மாட்டவிடாதீக. மூடியத் தெறந்தாலும் குளிரு போயி மெசினு திரும்ப ஓட ஆரம்பிச்சுரும்."

"நீ எங்க போற?"

"பாப்பாவக் கூட்டிட்டு வாரேன்."

ஜெயக்கொடி அண்ணனைக் கூப்பிட்டு, செல்வி வரும்வரை யாரும் மூடியைத் தொடக்கூடாது என்றாள். பிறகு திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். பந்தலில் யாரோ சொன்னது கேட்டது: "புருசன் அங்க கெடக்கான், இவ வேனுக்குள்ள குடித்தனம் பண்றா."

உறுமல் நின்றால் எண் 22. திரும்ப உறுமினால் 390. நான்கைந்து தடவை பார்த்ததும், பெட்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று காதை மூடிக்கொண்டே சொல்ல முடிந்தது. இரண்டு மணிக்கு 1,900 என்று ஏறியது.

"அண்ணே, யாரு கெட்டில மாட்டுனது?"

பந்தலில் தலைகள் திரும்பின. "கருப்பு மாமா வெந்நி கேட்டாருத்தா," என்றார் அழகுபாண்டி. "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கழட்டச் சொல்லுங்க."

எண் இறங்கியது. வெளியே ஒருவர் சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

வேனைச் சுற்றிப் பார்த்தாள். கூரையில் ஏசிக் காற்று வரும் வாய் படுக்கையின் வலப்பக்கத்தை மட்டும் பார்த்திருந்தது. இடப்பக்கம் காற்று போகாதபடி ஒரு தகடு. அவருக்குக் குளிர் ஆகாது. வலப்பக்கம் போய்ப் படுத்தாள். பலகை அவள் உயரத்துக்குச் சரியாக இருந்தது. உடனே எழுந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். 29 சதவீதம்.

ஐந்து மணிக்கு அழகுபாண்டி படியில் வந்து நின்றார்.

"பொழுது சாயுதுத்தா."

"இன்னும் பதினொண்ணு இருக்குண்ணே."

அவரும் எட்டித் திரையைப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு, படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஐந்தரைக்குச் சுருளியின் வண்டி வந்தது. கதவு அடிபடும் சத்தம். செருப்பைக் கழற்றாத கால்கள் வீட்டுக்குள் ஓடின. அழகுபாண்டி பின்னாலேயே போனார். பெண்களின் அழுகை ஒரேயடியாய் எழும்பி, ஏனோ அப்படியே அடங்கியது. ஜெயக்கொடி பாதி எழுந்தவள், திரையைப் பார்த்து நின்றாள்.

22.

உறுமல் இப்போதுதான் ஓய்ந்திருந்தது. திரும்ப வர இன்னும் கால்மணி நேரம் இருந்தது.

22.

390.

பலகையில் உட்கார்ந்தாள். எண் இறங்கவில்லை. வெகுநேரம் இறங்கவில்லை. கீழே ஒன்பது, எட்டானது. மூடியைப் போடச் சொல்லி அவள் குரல் கொடுக்கவில்லை.